பதினைந்து ஆண்டு அவகாசம்

சம்பா நடவுக்குப் போன இடத்தில்தான் பெரியம்மா அதை முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னார். மாதவிலக்கு நின்று ஐந்து வருஷம் ஆகியிருந்தது அவருக்கு. வரப்பில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறக்கும்போது, "எனக்குத் திரும்பவும் வருதுடி. கெழவி மறுபடியும் வயசுக்கு வந்துட்டேன்" என்றார். நடவு ஆட்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். பெரியம்மாவும் சேர்ந்து சிரித்தார். நிரவிப் பக்கத்து விழிதியூரில், கடைமடை வாய்க்காலுக்கு அப்போதுதான் தண்ணீர் வந்து சேர்ந்திருந்த நாள் அது. சாப்பிட்டு முடித்து எல்லோரும் மறுபடி வயலில் இறங்கினார்கள். பேச்சு அதோடு போயிற்று.

அதற்கு முன்பே இரண்டு வருஷமாக அவருக்கு வெள்ளைப்பட்டுக்கொண்டிருந்தது. ஊரில் அதற்கு ஒரே காரணம்தான்: உடம்புச் சூடு. வெந்தயத்தை ஊறவைத்து மோரில் கலந்து குடித்தார். இளநீர் குடித்தார். செவ்வாய், வெள்ளி தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளித்தார். ஓர் இடத்தில் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், படுக்கவைத்துப் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லிப் பெரியம்மாவும் கேட்கவில்லை. நாற்று முடியை எடுக்கக் குனிய முடியாத அளவுக்கு இடுப்பு வலித்த பிறகுதான் ஒரு டாக்டரம்மா முறையாகப் பரிசோதித்தார். கர்ப்பப்பை வாயில் புற்று, மூன்றாம் நிலை. காரைக்காலிலிருந்து இரவுப் பேருந்தில் ஏறி, சுமார் 300 கிலோமீட்டர் தள்ளிச் சென்னையில் போய் 'கரண்ட்' வைத்துக்கொண்டார். கதிர்வீச்சுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். ஒன்றரை வருஷம் இருந்தார்.

துணைக்குப் போயிருந்த என்னிடம் அந்த டாக்டரம்மா சொன்ன ஒரு வார்த்தை இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை. "இது இப்ப வந்ததில்லம்மா. பத்துப் பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கும்" என்றார். பதினைந்து வருஷம்! அந்தக் காலத்துக்குள் பெரியம்மா இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்திருந்தார், சுனாமியைப் பார்த்திருந்தார், நாலைந்து முறை ஏதேதோ காரணத்துக்காக ஆஸ்பத்திரி வாசல் ஏறி இறங்கியிருந்தார். ஒரு தடவைகூட அந்த இடத்தை யாரும் பார்க்கவில்லை.

இவ்வளவு நீண்ட அவகாசம் தருகிற புற்று அதிகம் கிடையாது. உடலியங்கியல் சொல்லும் காரணம் மிகவும் எளிது. கர்ப்பப்பையின் வாய் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய வட்டம். அதன் வெளிப்பக்கத்தை மூடியிருப்பது பல அடுக்குத் தட்டைச் செல்கள்; நம் வாய்க்குள் கன்னத்தை மூடியிருப்பதைப் போன்ற உறுதியான தோல். உள்ளே கர்ப்பப்பைக்குப் போகும் வழியை மூடியிருப்பதோ ஒரே அடுக்குத் தூண் செல்கள். மெல்லியவை என்பதால் அடியிலுள்ள ரத்தக்குழாய்கள் தெரிந்து, அந்தப் பகுதி சிவப்பாகத் தோன்றும். பருவமடையும்போதும் கர்ப்பக் காலத்திலும் இந்த உள்தோல் சற்று வெளியே பிதுங்கி வருகிறது. அங்குள்ள அமிலச் சூழலைத் தாங்கமாட்டாமல் அது மெல்ல மெல்லத் தட்டைத் தோலாக மாறுகிறது. இந்த மாற்றம் நடக்கும் வளையம்தான் புற்று தொடங்கும் இடம். அங்கே செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றாக மாறும் நிலையில் இருப்பதால் அவை எளிதில் வழி தவறக்கூடியவை.

வழி தவறவைப்பது ஒரு வைரஸ். அதைக் கண்டுபிடித்த கதை கன்னியர் மடங்களில் தொடங்குகிறது. இத்தாலியின் வெரோனா நகரத்து இறப்புப் பதிவேடுகளை எடுத்துவைத்துக்கொண்டு, கர்ப்பப்பைப் புற்றில் இறந்தவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்த்தார் ரிகோனி ஸ்டெர்ன் என்ற மருத்துவர். மணமான பெண்களிடம் மிகுதியாக இருந்த அந்த நோய் கன்னியாஸ்திரிகளிடம் மிக அரிதாக இருந்தது. அவர் அதை வெளியிட்டது 1842இல். உடலுறவோடு ஏதோ தொடர்பு இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. என்ன தொடர்பு என்று தெரிய மேலும் 140 ஆண்டுகள் ஆயின. ஜெர்மனியின் ஹரால்டு ட்சுர் ஹவுசன் 1983இல் மனித பாப்பிலோமா வைரஸின் 16ஆம் வகையையும் அடுத்த ஆண்டு 18ஆம் வகையையும் புற்றுத் திசுவிலேயே கண்டெடுத்தார். 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றில் ஏறக்குறைய பத்தில் ஏழு இந்த இரண்டு வகைகளால் வருபவை.

இந்த வைரஸைப் பற்றிப் பேசும்போது ஒன்றைத் திருத்தமாகச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் குடும்பத்துக்குள் வீண்பழி வந்து சேரும். தாம்பத்திய வாழ்வுக்கு வந்த ஆண், பெண் அநேகமாக எல்லோருக்கும் வாழ்நாளில் ஒருமுறையாவது தொற்றக்கூடியது இது. ஒரே துணையோடு வாழ்ந்தவருக்கும் வரும். வந்து பல வருஷம் சத்தமில்லாமல் கிடக்கும். ஆகவே ஒரு பெண்ணுக்கு இந்தத் தொற்று இருப்பது அவளுடைய ஒழுக்கத்துக்கும் சாட்சியில்லை, அவள் கணவனுடைய ஒழுக்கத்துக்கும் சாட்சியில்லை. சளிபிடித்தவளைப் பார்த்து யாரும் சந்தேகப்படுவதில்லை. இதையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

பெரும்பாலோருக்கு ஓரிரு வருஷத்தில் உடம்பே வைரஸை விரட்டிவிடுகிறது. சிலருக்கு மட்டும் அது தங்கிவிடுகிறது. தங்கிய வைரஸ் இரண்டு புரதங்களைச் செய்கிறது. நம் செல்லுக்குள் இரண்டு காவலாட்கள் உண்டு. 'பழுதாகிவிட்டாய், செத்துப்போ' என்று சொல்பவர் ஒருவர். 'போதும், பிரியாதே' என்று சொல்பவர் இன்னொருவர். வைரஸின் ஒரு புரதம் முதலாமவரை அழிக்கிறது, மற்றொன்று இரண்டாமவரின் கையைக் கட்டுகிறது. பிறகு செல் பிரிந்துகொண்டே போகும், பழுதுகள் சேர்ந்துகொண்டே போகும். முதலில் தோலின் அடியடுக்கு மட்டும் கெடும், பிறகு பாதி, பிறகு முழுத்தடிமன். அதுவரைக்கும் இது புற்றில்லை. அடித்தட்டுச் சவ்வை உடைத்து உள்ளே இறங்கும்போதுதான் புற்றாகிறது. நோய் எதிர்ப்பு சரியாக உள்ள பெண்ணுக்கு இந்தப் பயணம் 15 முதல் 20 ஆண்டுகள் வரை பிடிக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எச்.ஐ.வி. போன்றவற்றால் எதிர்ப்புக் குறைந்தவர்களுக்கு ஐந்து, பத்து ஆண்டுகளிலேயே முடிந்துவிடலாம். அவ்வளவு காலமும் வலி இருக்காது, ரத்தம் இருக்காது. ரத்தம் தெரியும் நாளில் அவகாசத்தின் பெரும்பகுதி தீர்ந்திருக்கும்.

அந்த அவகாசம் தங்களுக்கு இருக்கிறது என்பதைப் பெண்களுக்குச் சொல்வதற்காகவே வாழ்நாளைக் கொடுத்தவர் டாக்டர் வி. சாந்தா. புற்றுநோய் மருத்துவர் என்றே அவரை நாடு அறியும். ஆனால் அவர் படித்தது மகப்பேறும் பெண்ணோய் மருத்துவமும். 1927 மார்ச் 11இல் மயிலாப்பூரில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1949இல் எம்.பி.பி.எஸ்., 1952இல் மகப்பேறு பட்டயம், 1955இல் அதே துறையில் எம்.டி. அரசுப் பணித் தேர்விலும் தேறி, எழும்பூர் பெண்கள், குழந்தைகள் மருத்துவமனைக்கு நியமன ஆணையும் வந்துவிட்டது. பிரசவம் பார்த்துப் பேரும் புகழுமாக வாழ நேர்வழி திறந்திருந்தது. அவர் அந்த ஆணையை ஒதுக்கிவிட்டு அடையாற்றில் 12 படுக்கைகளோடு இருந்த ஒரு சிறிய மருத்துவமனைக்குப் போனார். 1955 ஏப்ரலில் அந்த வளாகத்துக்குள் குடியேறியவர், 2021 ஜனவரி 19இல் இறக்கும்வரை அதைவிட்டு வெளியேறவில்லை. முதல் மூன்று ஆண்டுகள் சம்பளம் இல்லை. அதன் பிறகு மாதம் 200 ரூபாய்.

அந்த மருத்துவமனையைத் தொடங்கியவரும் ஒரு பெண் மருத்துவர்தான். புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்தார். புற்று வந்தால் சாவுதானே, அதற்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்று பெரியவர்களே நினைத்த காலம். அவர் விடாப்பிடியாக நிதி திரட்டினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூனில் புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் சேர்ந்து அதை வளர்த்தார்கள். அதே 1954இல்தான், நவம்பர் 1ஆம் தேதி, பிரெஞ்சுக் கொடி இறங்கிக் காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்தது. பெரியம்மா பிறந்ததும் அந்தக் கால வாக்கில்தான்.

சாந்தாவிடம் நான் மிகவும் மதிப்பது அவருடைய பிடிவாதத்தை. கத்தியும் கதிர்வீச்சும் கையில் இருந்தும், நோயாளி வந்த பிறகு செய்யும் வைத்தியத்தோடு அவர் நிறைவடைந்துவிடவில்லை. முன்கூட்டியே கண்டுபிடிப்பது, அதற்குப் பெண்களிடம் பேசுவது, பேச வேண்டியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என்று ஐம்பது, அறுபது ஆண்டுகளாகச் சொன்னதையே சொன்னார். புற்றைச் சாவின் மறுபெயராக நினைக்கும் பயம்தான் பெண்களைக் காலம் தாழ்த்தி வரவைக்கிறது என்பது அவர் எண்ணம். அது உண்மை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. முதல் நிலையில் பிடிபட்டால் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஐந்தாண்டைத் தாண்டி வாழ்கிறார்கள். நான்காம் நிலையில் இரண்டு பேர்கூடத் தேறுவதில்லை. வைத்தியம் செய்பவர் அதே மருத்துவர்தான், கருவியும் அதேதான். மாறுவது நோயாளி வந்து சேரும் நாள் மட்டும்.

எண்ணாமல் எதையும் நிரூபிக்க முடியாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. 1980இல் அவர் நிலையத்தின் இயக்குநரானார். மறு ஆண்டே சென்னை மாநகரப் புற்றுநோய்ப் பதிவேடு அங்கே தொடங்கியது. யாருக்கு, எந்த வயதில், எந்த உறுப்பில் என்று நகரத்தின் எல்லா மருத்துவமனைகளிலும் போய்க் குறித்துவரும் சலிப்பான வேலை. அந்தப் பேரேட்டின் முதல் பக்கங்களில் பெண்களின் புற்றுகளில் முதலிடம் கர்ப்பப்பை வாய்க்கு. அடுத்த முப்பது ஆண்டுகளில் அதன் வீதம் பாதிக்கும் கீழே இறங்கி, மார்பகப் புற்று முன்னே வந்துவிட்டது. இந்த இறக்கம் பெரிய பரிசோதனைத் திட்டம் எதுவும் வருவதற்கு முன்பே தொடங்கியது. பெண்கள் படித்தார்கள், கல்யாண வயது ஏறியது, பிள்ளைகள் குறைந்தன, வீட்டுக்குள் தண்ணீரும் குளியலறையும் வந்தன. மருந்து எதுவும் எட்டாத இடத்தில் பள்ளிக்கூடம் எட்டியிருக்கிறது. இந்த நோயைப் பற்றி நான் படித்தவற்றில் என்னை மிகவும் நெகிழவைத்த செய்தி இதுதான்.

ஆனால் சென்னையில் நடந்தது விழிதியூருக்கு வந்துசேரக் காலம் பிடிக்கிறது. உலகத்தில் 2022இல் மட்டும் சுமார் 6,60,000 பெண்களுக்கு இந்தப் புற்று வந்தது. 3,50,000 பேர் இறந்தார்கள். அந்த இறப்புகளில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் இந்தியாவில். ஏறக்குறைய 80,000 பேர்.

பணக்கார நாடுகளில் இதைக் கட்டுப்படுத்தியது பாப் ஸ்மியர். கிரேக்கத்தில் பிறந்து நியூயார்க்கில் வேலை பார்த்த ஜார்ஜ் பாபனிகோலாவ், கினி எலிகளின் இனப்பெருக்கச் சுழற்சியை ஆராயப்போய், யோனித் திரவத்தில் உதிரும் செல்களைப் பார்த்தே உள்ளே நடப்பதைச் சொல்லிவிடலாம் என்று கண்டார். அவருடைய மனைவி ஆண்ட்ரோமாக்கி ஆண்டுக்கணக்கில் தன் உடம்பிலிருந்தே மாதிரி கொடுத்து உதவினார். 1928இல் அவர் இதை அறிவித்தபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1943இல் நூலாக வந்த பிறகே உலகம் ஏற்றது. அருமையான முறைதான். ஆனால் கண்ணாடித் தகடு ஆய்வகத்துக்குப் போக வேண்டும், பயிற்சிபெற்ற கண் நுண்நோக்கியில் பார்க்க வேண்டும், முடிவு திரும்பி வர வேண்டும், பெண்ணை மறுபடி கூப்பிட வேண்டும். நடவுக் கூலியை ஒருநாள் விட்டுவிட்டு வந்தவளை இரண்டாம் முறை, மூன்றாம் முறை வரச் சொன்னால் எப்படி வருவாள்? தகடுகளுக்கும் ஆட்களுக்கும் நடுவே பெண்கள் விடுபட்டுப்போனார்கள்.

அங்கேதான் காடி வந்தது. கடையில் வினிகர் என்று விற்கிறார்களே, அதேதான்: 3 முதல் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம். பஞ்சில் தோய்த்துக் கர்ப்பப்பை வாயில் ஒற்றி, ஒரு நிமிஷம் காத்திருக்க வேண்டும். கெட்டுப்போன செல்களில் உட்கரு பெருத்து, புரதம் நெருக்கமாக இருக்கும். அமிலம் பட்டதும் அந்தப் புரதம் உறைந்து, வெளிச்சம் ஊடுருவ முடியாமல் அந்த இடம் வெளுக்கும். முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் வெளுப்பதைப் பார்த்திருக்கிறோமல்லவா, அதைப்போல. நல்ல தோல் இளஞ்சிவப்பாகவே இருக்கும், அல்லது லேசாக மங்கி உடனே பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும். இரண்டு தோல்களும் சேரும் அந்த வளையத்தை ஒட்டி, கரை தெளிந்த கெட்டியான வெள்ளைத் திட்டு தெரிந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். நுண்நோக்கி வேண்டாம், ஆய்வகம் வேண்டாம். நல்ல விளக்கும் பயிற்சிபெற்ற செவிலியரும் போதும். பதில் அப்போதே கிடைக்கும். தேவையானால் அதே இடத்தில் அந்தத் திட்டை உறையவைத்தோ, நுனி 100 டிகிரிக்குச் சூடேறும் சிறு கருவியால் சில நொடிகள் சுட்டோ அழித்துவிடலாம். பெரியம்மா சூடு, சூடு என்று வெந்தயம் குடிக்கத் தொடங்குவதற்குப் பல வருஷம் முன்பு முப்பது நொடிச் சூடு போதுமானதாக இருந்திருக்கக்கூடும்.

இது கண்துடைப்பு வைத்தியமா, உண்மையில் உயிரைக் காக்குமா என்று சோதித்தது நம் தமிழ்நாட்டில்தான். திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிலிக்கையில் உள்ள கிறிஸ்தவ சமூக நல மருத்துவ மையம், அடையாறு புற்றுநோய் நிலையம், பிரான்சின் லியோனில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லாம் கைகோத்தன. ஊர்களை 114 தொகுதிகளாக்கிக் குலுக்கிப் போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் 30 முதல் 59 வயது வரையுள்ள 49,311 பெண்களை அழைத்தார்கள். 31,343 பேர் வந்தார்கள். பார்த்தவர்கள் செவிலியர்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரே ஒரு முறைதான் காடி ஒற்றப்பட்டது. ஏழு ஆண்டு கழித்து 2007இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: அழைக்கப்பட்ட ஊர்களில் இந்தப் புற்று 25 சதவீதம் குறைந்திருந்தது, இறப்பு 35 சதவீதம் குறைந்திருந்தது. ஒரு நிமிஷக் காத்திருப்புக்குக் கிடைத்த பலன் அது. அந்த 2007இலேயே தமிழக அரசு தஞ்சாவூர், தேனி மாவட்டங்களில் இதை முன்னோட்டமாகத் தொடங்கி, பிறகு மாநிலம் முழுதும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் கொண்டுபோயிற்று. தஞ்சாவூர் எங்களுக்கு அடுத்த வாசல்.

குறைகளும் உண்டு. காடிக்கு வெளுப்பதெல்லாம் கெட்ட திட்டல்ல. மாறிக்கொண்டிருக்கும் இளந்தோலும் வெளுக்கும். அதனால் பயப்படத் தேவையில்லாத சிலரும் பயப்பட நேர்கிறது. மாதவிலக்கு நின்றவர்களுக்கு அந்த வளையமே உள்ளே இழுத்துக்கொண்டு கண்ணுக்கு மறைந்துவிடும். முப்பதிலிருந்து ஐம்பதுக்குள் பார்த்துக்கொள்ளச் சொல்வது அதனால்தான். இவற்றை நிரப்ப இப்போது வைரஸின் மரபணுவையே தேடும் சோதனை வந்திருக்கிறது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் 1,31,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வு, ஒரே ஒரு முறை இந்தச் சோதனையைச் செய்தாலே இறப்பு பாதியாகக் குறைகிறது என்று 2009இல் காட்டியது. இதில் இன்னொரு வசதி, சிறு பஞ்சுக் குச்சியால் மாதிரியைப் பெண்ணே மறைவாக எடுத்துக் கொடுக்கலாம். யாரும் பார்க்க வேண்டியதில்லை. வெட்கம் பெரிய சுவராக நிற்கும் எங்கள் ஊர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. விலைதான் இறங்க வேண்டும்.

கருவிகள் இவ்வளவு இருந்தும் எத்தனை பேர் பார்த்துக்கொண்டார்கள்? 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் ஒருமுறையாவது இந்தச் சோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. மாநிலங்களில் முன்வரிசையில் நிற்கும் தமிழ்நாட்டிலும் பத்துப் பேரை எட்டவில்லை. திண்டுக்கல்லில் வாசலுக்கே வந்து அழைத்தும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் வரவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஏன் வரவில்லை என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். எங்கள் ஊரில் அந்த உறுப்புக்குப் பேச்சில் பெயரே கிடையாது. 'கீழ', 'அங்க', 'அடிவயித்துல' என்றுதான் சொல்வார்கள். பெயரில்லாத இடத்தில் என்ன கோளாறு என்று எப்படிச் சொல்வது? வெள்ளைப்படுதலில் வழக்கமானது எது, வழக்கமல்லாதது எது என்று அம்மா மகளுக்குச் சொல்வதில்லை; அம்மாவுக்கு அவள் அம்மா சொன்னதில்லை. மாதச் சுழற்சியை ஒட்டி நிறமில்லாமலோ வெள்ளையாகவோ நாற்றமின்றி வருவது இயற்கை. நாற்றமடிப்பது, ரத்தம் கலந்து வருவது, கணவரோடு சேர்ந்த பின் ரத்தம் படுவது, மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் கடந்த பிறகு ஒரு சொட்டு ரத்தமானாலும் தெரிவது, இவை எதுவும் சூட்டினால் வருவதல்ல. அந்த வாரமே டாக்டரிடம் போக வேண்டியவை. இந்த நாலு வரியை வரப்பில் அன்று யாராவது ஒருத்தி அறிந்திருந்தால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றிருக்கும். சாந்தா தன் வாழ்நாளெல்லாம் ஊர் ஊராகக் கொண்டுபோகச் சொன்னதும் இந்த நாலு வரியைத்தான்.

இன்னும் ஒரு பயமும் உண்டு. 'போனால் கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்கள்' என்பது. திட்டை ஆரம்பத்தில் பார்த்துவிட்டால் கர்ப்பப்பையில் கை வைக்கவே வேண்டியதில்லை. உள்நோயாளியாகத் தங்கக்கூட வேண்டாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

எங்கள் வீட்டுச் சின்னப் பெண்களுக்கு வந்திருக்கும் அவகாசம் இதைவிடப் பெரியது. வைரஸின் மேலோட்டில் இருக்கும் ஒரு புரதத்தை மட்டும் ஈஸ்ட் போன்றவற்றில் வளர்த்தால், அது தானாகவே பந்துபோல் கூடிக்கொள்கிறது. பார்த்தால் வைரஸ்; உள்ளே மரபணு இல்லாத வெறும் கூடு. அதனால் நோய் தர முடியாது, நோய் எதிர்ப்பை மட்டும் பழக்கிவிடும். இதுதான் தடுப்பூசி. 2006இலிருந்து உலகில் பயன்பாட்டில் இருக்கிறது. வைரஸைச் சந்திப்பதற்கு முன்பே போட வேண்டும் என்பதால் 9 முதல் 14 வயது ஏற்றது. புனே சீரம் நிறுவனத்தின் 'செர்வாவாக்' 2023 ஜனவரியில் வெளிவந்ததிலிருந்து உள்நாட்டிலேயே தயாராகிறது.

ஒரே ஒரு ஊசி போதும் என்று உலகத்துக்குத் தெரிந்ததில் இந்தியச் சிறுமிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டு ஊசியா, மூன்றா என்று ஒப்பிடும் ஆய்வு 2009இல் இங்கே தொடங்கியது. அம்பிலிக்கையும் அதில் ஒரு மையம். இதே வைரஸுக்கு எதிரான வேறொரு தடுப்பூசித் திட்டத்தில் ஆந்திரத்திலும் குஜராத்திலும் சில சிறுமிகள் இறந்த செய்தியால் 2010 ஏப்ரலில் எல்லாவற்றையும் அரசு நிறுத்திவைத்தது. அந்த இறப்புகளுக்கு ஊசி காரணமில்லை என்று விசாரணையில் தெரிந்தது. ஆனால் பெற்றோரிடம் முறையாகச் சொல்லி ஒப்புதல் வாங்கவில்லை என்ற குறையும் வெளிப்பட்டது. அந்தக் குறை சாதாரணமானதல்ல. ஏழைச் சிறுமிக்கு நல்லதையே செய்தாலும் அவள் அம்மாவிடம் விளக்கிச் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். ஆய்வு நின்றபோது ஏறக்குறைய 5,000 சிறுமிகளுக்கு ஓர் ஊசியோடு முடிந்துபோனது. ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடாமல் பத்தாண்டு தொடர்ந்து பார்த்தார்கள். 16, 18ஆம் வகைகள் நிலைத்துத் தங்குவதை அந்த ஒற்றை ஊசியே 95 சதவீதம் தடுத்திருந்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஓர் ஊசி முறையை ஏற்றுக்கொண்டதற்கு இதுவும் ஓர் ஆதாரம். எங்கள் கரைக்கு எதிர்க்கரையான இலங்கை 1996இலேயே 'சுகவனிதையர்' மருத்துவ நிலையங்களைத் தொடங்கி, 35 வயதுப் பெண்களைப் பாப் சோதனைக்கு அழைத்தது. 2017இலிருந்து பள்ளிச் சிறுமிகளுக்கு இந்த ஊசியைப் போடுகிறது. வசதி குறைந்த நாட்டிலும் இதைச் செய்யலாம் என்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஊசி போட்டவர்களும் முப்பது வயதுக்குமேல் சோதனைக்குப் போகத்தான் வேண்டும், எல்லா வகை வைரஸையும் அது தடுப்பதில்லை.

பெரியம்மாவின் சின்ன மகளுக்குப் போன வருஷம் நாற்பத்திரண்டு. நிரவியிலிருந்து அவளை ஆட்டோவில் ஏற்றிச் சோதனைக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே திரை மறைப்பு, ஒரு மேசை, கால் மடக்கி வைக்க இரண்டு பக்கமும் தாங்கி, தலைமாட்டில் மின்விசிறி. "மூச்சை நல்லா இழுத்து விடுங்கக்கா, இடுப்பைத் தளர்த்திக்குங்க" என்றார் செவிலியர். கருவியை வெந்நீரில் நனைத்துக் கதகதப்பாக்கித்தான் வைத்தார். அந்த அக்கறை என் கண்ணில் பட்டது. பஞ்சைக் காடியில் தோய்த்து ஒற்றினார். புளித்த நெடி லேசாக வந்தது. "குளுகுளுன்னு இருக்கு" என்றாள் தங்கச்சி. "அவ்வளவுதான்க்கா, ஒரு நிமிஷம்" என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார் செவிலியர். நானும் பார்த்தேன். நொடி முள் சுற்றி வர அவ்வளவு நேரமாகும் என்று அன்றுதான் தெரிந்தது. விளக்கைச் சற்றுத் திருப்பி, குனிந்து, நிதானமாகப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லக்கா, நல்லாருக்கு. அஞ்சு வருஷம் கழிச்சு வாங்க. நடுவுல ரத்தம் கித்தம் பட்டா அன்னைக்கே வந்துடுங்க" என்றார்.

சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தவள் வாசல் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மாவ ஒரு தடவ இங்க கூட்டிட்டு வந்திருக்கலாம்" என்றாள். பிறகு எழுந்து மறுபடியும் உள்ளே போனாள். பதினொரு வயதாகும் தன் மகளுக்கு ஊசி எங்கே போடுவார்கள் என்று செவிலியரிடம் கேட்டுக்கொண்டு நின்றாள்.